புல்வெளியில் பதினோரு காலடிகள்

களை பிடுங்குவதற்கு மழை விட்ட மறுநாள் காலைதான் நல்ல நேரம். மண் இளகியிருக்கும், தொட்டாச்சிணுங்கி முரண்டு பிடிக்காமல் வேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் முள் குத்தியதுதான் மிச்சம். தண்டு கையோடு வந்துவிடும், வேர் உள்ளே இருந்துகொண்டு அடுத்த வாரம் இரண்டு கிளையாகத் தலைகாட்டும். கோரை இன்னும் மோசம். அதன் அடியில் சின்னதாக ஒரு கிழங்கு உண்டு. அதை விட்டுவிட்டு மேலே பிடுங்குவதும் ஒன்றுதான், பிடுங்காமல் வீட்டுக்குள் படுத்துத் தூங்குவதும் ஒன்றுதான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முட்டி தேயக் குந்தியிருந்து நானே கற்றுக்கொண்டது.

என் வீடு ஈப்போ பட்டணத்தில், சிலிபின் வட்டாரத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. வரிசையில் ஓரத்து வீடு. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் சேர்ந்து வந்தது. அதில் கவ்கிராஸ் போட்டிருக்கிறேன். இலை அகலமாக, தரையோடு ஊர்ந்து போகும் புல். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்த ஊருக்கு அதுதான் சரி. வேறு எதையும் வளர்க்கும் பொறுமை எனக்கு இல்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, பூனையும் வளர்க்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவளுக்கு ஒரு புல்வெளி போதும் என்றுதான் நினைத்தேன்.

இந்தத் தாமான் வருவதற்கு முன் இந்த இடம் ரப்பர் தோட்டம். கோரைக் கிழங்கைத் தோண்டக் கத்தியை ஆழமாக விட்டால் சில சமயம் 'டக்' என்று சத்தம் கேட்கும். எடுத்துப் பார்த்தால் ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் மங்கின் உடைந்த துண்டு. முதல் துண்டு கிடைத்தபோது மண்ணைக் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் பிறந்தது இங்கே இல்லை, சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில். இருந்தாலும் எந்தத் தோட்டமாக இருந்தால் என்ன, மங்கு ஒன்றுதான். துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பின்பக்கப் பைப்படியில் ஒரு வாளியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்ப்பது ஊசி போல மெல்லிய ஜப்பான் புல். அவர் தலையில் இருப்பதைவிட அது அடர்த்தி. நான் மாதம் ஒருமுறை ஆள் வைத்து இயந்திரத்தால் வெட்டுவேன். அந்த ஆள் நான்கு வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு, அங்கிருந்த விதைகளையெல்லாம் கத்தியில் ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். அதோடு தரை தெரிய மொட்டை அடித்துவிட்டுப் போவான். புல் மொட்டையானால் வெயில் உள்ளே இறங்கும், களைக்குக் கொண்டாட்டம். "மூண்டு விரல் உயரம் விடச் சொல்லும் பிள்ளை," என்று ஐயா பலமுறை சொல்லிவிட்டார். நான் கேட்டதில்லை. ஒருநாள் வேலியருகே வந்து நின்று, "உந்தத் தொட்டாச்சிணுங்கி வேலிக்குள்ளால என்ர பக்கம் வரப் பாக்குது. கையால பிடுங்கிக் கட்டாது. மருந்து அடியும்," என்றார்.

மருந்து. அந்தச் சொல்லைத்தான் நான் என் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

என் அம்மா தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவள். பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மரத்தடியில் புல்லும் லாலான் களையும் மண்டாமல் பார்த்துக்கொண்ட பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதுகில் பம்பு, தலையிலும் முகத்திலும் பழைய துணி, காலில் சில நாள் பூட்ஸ், பல நாள் ஒன்றுமில்லை. ஐந்தாறு பெண்கள் வரிசையாக நடப்பார்கள். மருந்தைக் கையாலேயே கலக்குவார்கள். அம்மாவின் நகங்கள் மஞ்சளாகி, வரி விழுந்து, ஓரம் உதிர்ந்திருக்கும். எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை அவளை விட்டுப் போகாது. இன்ன வாடை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொண்டையில் போய் உட்காரும், அவ்வளவுதான்.

சின்ன வயதில் அது எனக்கு அம்மா வாடை, அவ்வளவே. மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் அவள் சோற்றையும் குழம்பையும் பிசைந்து உருண்டை பிடித்து என் கையில் வைப்பாள். கருவாட்டுத் துண்டு ஒன்றை உருண்டைக்குள் ஒளித்து வைப்பாள். அது எந்த உருண்டையில் வரும் என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்து, டவுன் இடைநிலைப் பள்ளியில் முதல் வருடமான புதுமுக வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு எழுந்து போனாள். வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதல் உருண்டையை நீட்டினாள். "ஒங் கையால எனக்கு சோறு வேணாம். மருந்து வாடை அடிக்குது," என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினாள். அகப்பையால் வேறு தட்டில் சோறு போட்டு என் முன்னால் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் எனக்குக் கையால் ஊட்டவில்லை, கையால் பரிமாறவும் இல்லை. அப்பளத்தைக்கூடக் கரண்டியால் எடுத்துப் போடுவாள். நான் படித்து, வேலைக்குப் போய், தோட்டத்தை விட்டு வந்து, எத்தனையோ தீபாவளி கழிந்துவிட்டது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். கழுத்து வரைக்கும் அகம்பாவம், வேறென்ன.

அப்பா இறந்த பிறகு அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டி வந்தேன். இரண்டாவது வருடம் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் கண்ணாடி, பிறகு கிழமை, பிறகு அப்பா செத்தது. கடைசியில் ஈப்போவே மறந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கதவருகே நிற்பாள். "பெரட்டுக்கு நேரமாச்சு. கதவத் தொறங்க," என்பாள். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வரிசையாக நின்று பேர் கொடுப்பது. போகாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

"இன்னைக்கு மழைம்மா, பெரட்டு இல்ல. போய்ப் படு லா," என்பேன். மழை பெய்தால் மருந்து அடிக்க முடியாது, கழுவிக்கொண்டு போய்விடும். அது அவளுக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள். ஈப்போவில் மழைக்குப் பஞ்சமில்லாததால் என் பொய் பெரும்பாலும் பாதி உண்மையாக இருந்தது.

தைப்பூசம் முடிந்து வெயில் காய்ந்த வாரத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். புல் பழுத்துக் கிடந்தது, தொட்டாச்சிணுங்கி மட்டும் பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. ஐயா வேலியருகே வந்து ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். அவர் பேசியிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன். சுங்காயில் என்னோடு படித்தவன் ஒருவன் இப்போது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருக்கிறான். அவனிடம் போய்க் களைமருந்து கேட்டேன். ஒரு மினரல் தண்ணிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தான். தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். தெரிந்தவர் கேட்டால் கையில் கிடைத்த போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இருட்டில் தண்ணீர் என்று நினைத்து அப்படி ஒரு போத்தலை எடுத்துக் குடித்தவரை எங்கள் லயத்து வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். அது தெரிந்தும் வாங்கி வந்தேன்.

"பம்புக்கு ரெண்டு மூடி போதும். ஆனா பாத்து, இது களைய மட்டும் கொல்லாது. பட்ட எடமெல்லாம் போயிரும்," என்றான் மண்டோர்.

பம்பில் ஊற்றி அடிக்க நான் நினைக்கவில்லை. ஒரு துணியை நனைத்துக் களையின் இலையில் மட்டும் தடவலாம், புல் தப்பிக்கும் என்பது என் திட்டம். வேலியோரத்துக்கு மட்டும் பம்பு வேண்டும் என்று ஐயாவிடம் அவர் பம்பை இரவல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து போத்தலின் மூடியைத் திறந்தேன். அந்த வாடை வந்தது. மண்டோர் இது அந்தக் காலத்து மருந்து இல்லை என்றுதான் சொல்லியிருந்தான். இருந்தும் எனக்குத் தொண்டையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. மூடியை இறுகத் திருகினேன். பம்பையும் போத்தலையும் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். என்னிடம் நாளைக்குப் பஞ்சமே கிடையாது.

நான்காம் நாள் விடிகிற நேரம். அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. வாசற்படியில் அந்தப் போத்தல், பாதி காலியாக, மூடி பக்கத்தில்.

அந்த நிமிடத்தை நான் எழுத்தில் சொல்ல முடியாது. குடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் புல்வெளியில் இருந்தாள். முதுகில் பம்பு, முகத்தில் என் பழைய தாவணி, காலில் ஒன்றுமில்லை. ஒரு கை பம்பை அடிக்க, இன்னொரு கை குழாயை இடமும் வலமும் ஒரே அளவில் வீசிக்கொண்டு போனது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் அங்கே நிமிர்ந்து, கோடு போட்டது போல நேராக நடந்தாள். ஒரு வரிசை முடிந்து இரண்டாவது வரிசையில் இருந்தாள். அடித்த இடத்திலேயே கால் வைத்து முன்னால் போனாள். தோட்டத்தில் அவர்களை அப்படித்தான் விட்டிருந்தார்கள், தாங்கள் அடித்த மருந்துக்குள்ளேயே நடக்கும்படி.

அவளைப் பிடித்து நிறுத்தி, முகத்துணியை இழுத்து, வாயருகே என் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். "குடிச்சியா? குடிச்சியாம்மா?"

அவள் சிரித்தாள். "இதப் போயி எவளாச்சும் குடிப்பாளா? வாசத்துலயே தெரியாதா?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, கூட வேலை செய்கிறவளிடம் பேசுவது போலப் பேசினாள். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, மேல படும். எனக்கு வெரசா முடிக்கணும். எம் மக பள்ளிக்கொடம் விட்டு வாரதுக்குள்ள போயி குளிக்கணும். வாடை அடிச்சா அது சாப்பிடாது."

நான் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் அம்மாவின் தலைமுடி ஈரமாகச் சொட்டிக்கொண்டிருக்கும். மற்றப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கதை பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஏன் ஓடி வருகிறாள் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. எத்தனை வருடம் அப்படி ஓடி வந்திருக்கிறாள்.

பம்பை இறக்கினேன். அவள் கையைப் பிடித்து, புல்லின் மேலாகவே பின்கதவுப் பக்கத்துப் பைப்படிக்கு நடத்திக் கூட்டி வந்தேன். உடுப்பைக் கழற்றி, தலையிலிருந்து கால் வரை சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். "வாடை போச்சா?" என்று கேட்டாள். "போச்சு," என்றேன். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "இன்னும் இருக்கு. இன்னொருக்கா போடுங்க," என்றாள். மூன்று முறை குளிப்பாட்டினேன். கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். என்னை மட்டும் நன்றாகத் திட்டினார். அது எனக்குத் தேவைதான்.

மத்தியானம் அவள் முன்னால் தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்து, நானும் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, எனக்கு ஒரு உருண்டை குடு," என்றேன்.

அவள் வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். "வேணாங்க. மருந்து கை."

"நாந்தாம்மா ஒம் மக. வாடை ஒண்ணும் இல்ல. குடும்மா."

"சும்மா இருங்க. எம் மக சின்னப் புள்ள. புதுமுக வகுப்பு படிக்குது," என்றாள்.

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு வயதில் நான் சொன்ன ஒரு வாக்கியம் ஈப்போவையும், அப்பா செத்ததையும், என் முகத்தையும் விழுங்கிய மறதிக்கு நடுவில் அழியாமல் நின்றுகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பதென்றால் யாரிடம் கேட்பது? அவளுக்கு நான் யாரோ ஒரு அக்கா. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, அவள் போவதற்குள் ஒரு உருண்டை அவள் கையால் வாங்கிவிட வேண்டும். தினமும் மத்தியானம் கேட்டேன். கெஞ்சினேன், கோபித்தேன், கருவாடு வாங்கி வந்து பொரித்து வைத்தேன். தினமும் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

மருந்து அடித்த ஐந்தாம் நாள் புல் மஞ்சளாக ஆரம்பித்தது. அவள் அடித்த இரண்டு வரிசையும் பாய் விரித்தது போலத் தெளிவாகத் தெரிந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றும் வந்தது. வரிசை முடிந்த இடத்திலிருந்து பின்கதவு வரைக்கும், மருந்து படாத பச்சைப் புல்லில், காலடிகள். அவளுடைய நனைந்த பாதம் பட்ட இடம் மட்டும் செத்து, குதிகாலும் விரலுமாகப் பழுத்துக் கிடந்தது. வலது கால் சற்று வெளியே திரும்பி. அம்மாவின் நடை அப்படித்தான். பக்கத்தில் நடந்து வந்த நான் செருப்புப் போட்டிருந்தேன், வரிசைக்குள் கால் வைக்கவுமில்லை. என் தடம் ஒன்றுகூட இல்லை. அவள் மட்டும் தனியாக நடந்து வந்த மாதிரி இருந்தது. எண்ணினேன். பதினொன்று.

அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். ஜன்னல் வழியாக, அந்தக் காலடிகளில் அவள் நடந்து வருவது போல நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று மாதத்தில் அவள் போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டி, நாலு நாள் படுக்கை. மருந்தினால் இல்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கடைசி இரண்டு நாள் கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கஞ்சியை விரலால் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். காலையில் களை பிடுங்கிய விரல், நகத்தில் மண் கறை. உடனே வாயைத் திறந்தாள். ஒரு தடவைகூட என் கையை முகர்ந்து பார்க்கவில்லை.

கவ்கிராஸ் பொல்லாத புல். நாலு பக்கத்திலிருந்தும் கொடி விட்டு ஊர்ந்து வந்து காலியிடத்தை மூடிவிடும். இரண்டு வரிசையும் மழைக்காலத்துக்குள் பச்சையாகிவிட்டன. காலடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்பதாயின, ஐந்தாயின. ஒருநாள் காலை பார்த்தபோது கதவுக்கு முன்னால் இருந்த கடைசி ஒன்றுதான் மீதி. அதன் குதிகாலுக்குள் கொடி ஒன்று ஏற்கெனவே நுழைந்திருந்தது. கத்தியை எடுத்து வந்து வெட்டினேன்.

இப்போது தினமும் அதைத்தான் செய்கிறேன். மற்ற இடத்தில் தொட்டாச்சிணுங்கி வந்தால் பிடுங்குகிறேன். அந்த ஒரு பாதத்துக்குள் மட்டும் புல்லைப் பிடுங்குகிறேன். ஐயா ஒருநாள் வேலியருகே நின்று நெடுநேரம் பார்த்தார். "பிள்ளை, நல்ல புல்லை ஏன் கிள்ளி எறியிறீர்?" என்று கேட்டார். "அம்மா கால், ஐயா," என்றேன். அன்றிலிருந்து அவர் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தப் பாதம் வீட்டைப் பார்த்து இருக்கிறது. பதினொன்றும் அப்படித்தான் இருந்தன, வாசலை நோக்கி. அன்று விடிகாலை அவள் வெளியே போனபோது கால் காய்ந்திருந்தது, அதனால் தடம் விழவில்லை. கடைசியாகப் போனபோது நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், கால் புல்லில் படவே இல்லை. ஆக, அவள் உள்ளே வந்ததற்கு அடையாளம் இருக்கிறது, வெளியே போனதற்கு ஒன்றுமில்லை.

அதனால் மத்தியானம் களை பிடுங்கி முடித்து, சவுக்காரம் போட்டுக் கை கழுவி, சோற்றையும் குழம்பையும் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், நான் உடனே தொடுவதில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறேன்.